தாவாரத்தைத் திறந்துவிட்டேன், நான் வரவில்லை

மகன்,

இதை நீ தனியாக வாசிக்காதே. ஆரணியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. உன் மனைவிக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. அதை நீ என்னிடமிருந்து அறிவதுதான் முறை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் "அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று நீ புகுந்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் புக முடியாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கனடாவுக்கு வரவில்லை. நெளுக்குளத்து வீட்டை வாடகைக்கு விடப்போவதும் இல்லை. நீ அனுப்பிய விசாப் பத்திரங்கள் அலுமாரியில் கிடக்கின்றன, ஒன்றிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. நீ வேண்டாம் என்று சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டேன். இனி நீ கோபப்படுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

சித்திரை வெயிலில் நான் குசினி அடுப்படியில் மயங்கி விழுந்தது உண்மை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓட்டோவில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், இரண்டு நாள் சேலைன் ஏற்றியதும் உண்மை. நீ அங்கே பயந்துபோனாய், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் வீடு திரும்பிய அன்றைக்கே நீ எடுத்து வைத்த முடிவு இருக்கிறதே, அதில் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? "அது வீடில்லை அம்மா, போறணை. அதுக்குள்ளை மனிசர் இருக்கேலாது. நான் பெரியப்பாவோடை எல்லாம் கதைச்சிட்டன்" என்றாய். பாண் சுடும் அடுப்பு, போறணை என்று நீ சொன்னது எனக்குச் சுட்டது, ஏனென்றால் அது சரி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு அறைக்குள் போனால் மேலேயிருந்து யாரோ சுடுதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துப் பிடித்தது போல இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே அள்ளி முகத்தில் வீசும். ஆனால் வீடு போறணை ஆனால் அதில் இருக்கும் ஆளைத் தூக்கி வெளியே வைப்பது ஒரு வழி, போறணையைத் திறந்துவிடுவது இன்னொரு வழி. நீ முதலாவதைத்தான் யோசித்தாய். வீட்டைப் போறணை ஆக்கியவள் நான் என்பதால் இரண்டாவது எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்கான காரணத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீடு கட்டும்போது நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் நாங்கள் இருந்த நாட்களை நீ ஒரு சின்னப் பையனாகத்தான் பார்த்தாய், உனக்கு அது தூசியும் தண்ணீர் வரிசையும்தான். எனக்கு அது தறப்பாள் கூடாரம். நாலு பக்கமும் காற்றில் அடித்துக்கொள்ளும் தறப்பாள். எந்தப் பக்கத்தால் யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. உடுப்பு மாற்றும்போது உன் அப்பா வெளியே நின்று காவல் காப்பார், அப்படியும் நான் போர்வைக்குள் குந்திக்கொண்டுதான் மாற்றுவேன். மழை வந்தால் கீழால் வரும், பாம்பு வந்தால் பக்கத்தால் வரும், கண்கள் எல்லாப் பக்கத்தாலும் வரும். அங்கே இருந்தபோதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், எனக்கென்று ஒரு வீடு வந்தால் அதில் ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது என்று. அப்படியே கட்டுவித்தேன். அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றின் வளைவுகளுக்கும் சுவருக்கும் நடுவில் இயல்பாகவே இருக்கும் இடைவெளியைக்கூட விடவில்லை, மேசனைக் கொண்டு சீமெந்து வைத்து அடைப்பித்தேன். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் தாவாரத்தின் அடியில் சுற்றிவரப் பலகை அடிப்பித்தேன். உள்ளே சீலிங். அந்த மேசன் ஒரு தடவை சொன்னான், "அக்கா, கொஞ்சம் காத்துக்கு விடுங்கோ" என்று. "நான் சொன்னதை நீர் செய்யும்" என்றேன். இப்படித்தான் சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் ஒரு பெரிய பெட்டி உருவாயிற்று. வெயில் அதற்குள் போகும், வெளியே வர வழியில்லை.

உன் அப்பாவுக்கு இது முதல் வருடத்திலேயே விளங்கிவிட்டது. தண்ணீர் பம்புகளைக் கழற்றிப் பூட்டுகிற மனிதர் அவர். சூடு எங்கே தங்கும், காற்று எங்கே ஓடும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. "இஞ்சரும், தாவாரத்திலை நாலைஞ்சு இடத்திலை திறந்து கம்பிவலை அடிப்பம். வீடு மூச்சு விடும்" என்பார். நான் விடவில்லை. எலி வரும் என்றேன், வௌவால் வரும் என்றேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "சரி, உம்மடை வீடு" என்று போய்விடுவார். பிறகு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இரண்டு சித்திரை அவர் அந்த அறையில் மல்லாந்து கிடந்தார். மத்தியானத்தில் நல்ல கையைத் தூக்கி மேலே காட்டுவார். பார்க்க வருகிறவர்கள், "என்னவாம்?" என்று கேட்பார்கள். "தெரியேல்லை, பல்லியைக் காட்டுறாரோ என்னவோ" என்பேன். மகன், எனக்குத் தெரியும். அவர் கேட்டது காற்றை. தெரிந்துகொண்டே ஈரத் துணியால் அவர் நெஞ்சைத் துடைத்துவிட்டு, விசிறியைக் கிட்ட இழுத்து வைத்தேனே தவிர, ஒரு பலகையைக் கழற்றவில்லை. அவர் பாரிசவாத வருத்தத்தால்தான் போனார், சூட்டால் அல்ல என்று டொக்டர் சொன்னார். அது என் பிழையைச் சின்னதாக்கவில்லை.

இனி ஆரணியின் பங்கு. போன வருடம் நீங்கள் புது வீட்டுக்குப் போன அன்று, போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். உங்கள் தாவாரத்தின் அடியில் வரிசையாகத் துளை போட்ட சட்டங்கள் இருந்தன. அது என்ன என்று கேட்டேன். "அதை ஏனம்மா கேக்கிறீங்கள், குசினியைப் பாருங்கோ" என்று நீ உள்ளே போய்விட்டாய். பிறகு ஆரணிதான் தனியாக எடுத்துச் சொன்னாள், "அது கூரைக்குள்ளை காத்துப் போக மாமி. இஞ்சை எல்லா வீட்டிலையும் இருக்கு. குளிருக்கும் வேணும், வெயிலுக்கும் வேணும்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு அந்தத் துளைகள்தான் ஞாபகம் வந்தன. பனி கொட்டுகிற ஊரிலேயே வீட்டுக்கு மூச்சு விட வழி வைக்கிறார்கள், நான் வன்னி வெயிலில் வாயையும் மூக்கையும் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "அது இஞ்சத்தைய வீட்டுக்கு அம்மா. அங்கை சரிவராது. இந்த வயசிலை ஏணி, ஓடாவி எண்டு ஒண்டும் தொடங்காதேங்கோ" என்றாய். அந்த "இந்த வயசிலை"தான் என்னை எழுப்பிவிட்டது.

முதலில் வந்த வேலைக்காரன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா ஆரும் இல்லையோ? ஆம்பிளை ஆராவது நிண்டால் கதைக்கலாம்" என்றான். கேற்றைத் திறந்து விட்டேன், போய்விட்டான். இரண்டாவது ஆள் பார்த்துவிட்டு ஏசி பூட்டச் சொன்னான். மூன்றாவதாக அந்தோனி வந்தான். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் கட்டியவன், இப்போது வவுனியாவில் வீடுகளுக்குக் கூரையும் சீலிங்கும் செய்கிற தச்சு ஓடாவி. அவனும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, இவ்வளவு வருசத்திலை எல்லாரும் ஓட்டையை அடைக்கத்தான் என்னைக் கூப்பிட்டவை. நீங்கள்தான் போடச் சொல்லுறியள்" என்றான். "நான் அடைச்சுப் பாத்திட்டன் அந்தோனி. இனித் திறந்து பாக்கப் போறன்" என்றேன். ஏணி வைத்து ஏறித் தாவாரப் பலகையைத் தட்டிப் பார்த்தான். பிறகு ஒன்று மட்டும் சொன்னான். "சீற்றை நான் தொடமாட்டன். அதை வெட்டினால் வாற தூள் நெஞ்சுக்குக் கூடாது. பலகையிலைதான் வேலை." சரி என்றேன்.

கடைக்கு நானே போனேன். எலியும் பாம்பும் நுழையாத, ஆனால் காற்றுக்குத் தடையில்லாத கண் உள்ள கம்பிவலை வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். அந்தோனி தாவாரப் பலகையில் மரம் அறுக்கும் வாள் போட்டு, ஒரு முழ நீளத்தில் நீட்டு நீட்டாக வெட்டினான். சுவர் உச்சியில் நான் வைப்பித்த சீமெந்தைத் தட்டித் தட்டி எடுத்தான். வீட்டின் தெற்குப் பக்கம் ஆறு, வடக்குப் பக்கம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் வலை அடித்து மரச்சட்டம் வைத்தான். முதல் நாள் சாயங்காலம் அந்தத் துளைகளைப் பார்த்தபோது, பழைய பயம் முதுகில் ஏறியது. யன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு இருந்தேன். ஆனால் சட்டங்களைக் கழற்றச் சொல்லவில்லை.

வேலை முடிந்து, அடுத்த நாள் மத்தியானம் அறைக்குள் போய் நின்றேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே போறணை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்தாலாவது ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போயிருக்கும், அது இன்னும் தொடங்கவில்லை. ஒரு இலை அசையவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஏணியில் ஏறித் துளைக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். புகை உள்ளே போகாமல் வெளியிலேயே சுருண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். நீதான் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். ஏணியில் ஊதுபத்தியோடு நின்ற என்னையும் தாவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பிள்ளை இது? நல்ல வீட்டை ஓட்டை ஓட்டையா அரிதட்டாக்கிப் போட்டியள். பெடியன் அங்கை அழுறான். பேசாமல் போய் அவனோடை இருங்கோவன்" என்றார். இறங்கித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் பத்திரங்களில் கையெழுத்து வைத்துவிடலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தையும் உனக்கு மறைக்காமல் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் ஆரணிக்குப் போன் எடுத்தேன், உனக்கு இல்லை. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள், "மாமி, காத்து உள்ளை வரக் கீழை வழி வைச்சிருக்கிறியள். சூடு வெளியிலை போக மேலை வழி இருக்கோ?" இல்லை என்றேன். "அப்ப எப்பிடி மாமி? சூடு மேலைதானே ஏறும். முகட்டுக்குக் கிட்ட ஒரு வழி வைச்சால்தான் அது வெளியாலை போகும், அது போனால்தான் கீழாலை புதுக் காத்து வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவருக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். இப்போது நானே சொல்லிவிட்டேன். அவளோடு நீ ஒரு வார்த்தை கோபமாகக் கதைத்தாய் என்று அறிந்தால், நான் உன்னோடு கதைக்கமாட்டேன். உன் வீட்டுக் கூரையைப் பற்றி உன்னைவிட அவளுக்குத்தான் கூடத் தெரிந்திருக்கிறது.

அந்தோனியைத் திரும்பக் கூப்பிட்டேன். முகட்டுக்குக் கீழே கிழக்கிலும் மேற்கிலும் முக்கோணமாக நிற்கிற சுவர்களில்தான் வழி வைக்கவேண்டும், கல்லை உடைக்கவேண்டும் என்றான். உடைப்பதற்கு முன் உள்ளே பார்த்துவிட்டு வருகிறேன் என்று சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, ரோச் லைற்றோடு ஏறினான். பிறகு மேலேயிருந்து கத்தினான், "அக்கா, இஞ்சை ஆரோ முந்தியே அளந்து அடையாளம் வைச்சிருக்கினம்!" போனில் படம் எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை வழிய இறங்கினான். மேற்குச் சுவரின் உட்பக்கத்தில், பூச்சுப் பூசாத கல்லில், தச்சுப் பென்சிலால் ஒரு சதுரம். நாலு மூலையும் ஒழுங்காக அளந்து கீறிய சதுரம். பக்கத்தில் "காத்துப் போற வழி" என்று எழுதியிருந்தது. அந்த "ழி"யின் வால் நீண்டு கீழே இழுபட்டிருந்தது. உன் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கெல்லாம் உறை போட்டுப் பெயர் எழுதித் தந்த கை அது. உனக்கும் பார்த்தவுடன் தெரியும்.

பாரிசவாதம் வருவதற்கு முந்தின வருடம், "வயர் பாக்கப் போறன்" என்று அவர் ஒரு நாள் மேலே ஏறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். "கெதியா இறங்கிப் பலகையைப் பூட்டுங்கோ" என்று நான் கீழே நின்று சத்தம் போட்டேன். வயர் பார்க்கவில்லை அவர். நான் என்றைக்காவது ஓம் என்று சொல்லுவேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். நான் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டேன். அந்தோனி தன்பாட்டில் முற்றத்துக்குப் போய் வாளைத் துடைத்துக்கொண்டு நின்றான். நான் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வரும் வரைக்கும் அவன் உள்ளே வரவில்லை.

சுவர் உடைக்கத் தொடங்கிய காலையில் பெரியப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை கோபத்தோடு வந்தார். ஏணிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு, "இது என்ரை தம்பி வேர்வை சிந்திக் கட்டின சுவர். நான் உயிரோடை இருக்கேக்கை இதிலை ஒரு கல்லும் உடைக்க விடமாட்டன்" என்றார். அந்தோனி சுத்தியலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலை அவன் கையிலிருந்து வாங்கி நானே ஏணியில் ஏறினேன். ஐந்தாவது படியில் நின்று சொன்னேன், "அத்தான், உங்கடை தம்பி இந்தச் சுவரிலை கோடு கீறி வைச்சிட்டுத்தான் போனவர். நான்தான் அவரை உடைக்க விடேல்லை. உங்களுக்கு ஏச வேணுமெண்டால் அதுக்கு ஏசுங்கோ. அந்தோனி, அந்தப் படத்தைக் காட்டும்." அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தம்பியின் எழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்குமா? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து அடியும் பிள்ளை, கண்ணிலை பட்டுடும்" என்றார்.

முதல் அடியை நான்தான் அடித்தேன். அறுபத்தாறு வயதில் சுவர் உடைத்தேன் என்று உன் நண்பர்களுக்குச் சொல். இரண்டு மூன்று அடிக்கு மேல் கை தாங்கவில்லை, மிச்சத்தை அந்தோனி உடைத்தான். கல் உள்ளே விழுந்ததும் அந்த ஓட்டையால் ஒரு சூடு வந்து அவன் முகத்தில் அடித்தது, அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். பல வருடம் அடைத்து வைத்த சூடு. இரண்டு பக்கச் சுவரிலும் சதுரம் திறந்து, வாடைக்காற்று மழை உள்ளே அடிக்காதபடி சாய்வாகப் பலகைத் தட்டுகள் அடுக்கி, உள்ளால் வலை அடித்தான். பிறகு நான் தாவாரத்துக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை ஒரு கோடாக நீண்டு வலைக்குள் நுழைந்து போனது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தானும் ஒரு துளைக்குப் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு சுற்றிவர எல்லாத் துளைக்கும் பிடித்துப் பார்த்தார், ஒன்றையும் விடவில்லை.

மிகைப்படுத்திச் சொல்லமாட்டேன். வீடு ஊட்டி ஆகிவிடவில்லை. மத்தியானம் இப்போதும் வேர்க்கிறது, ஆனால் அது வெளியில் உள்ளதே உள்ளேயும் இருக்கிற வேர்வை. மேலேயிருந்து அழுத்துகிற அந்தப் பாரம் இல்லை. பொழுது சாய்ந்தால் சுவர்கள் கெதியாக ஆறிவிடுகின்றன. அப்பா கிடந்த அறையில் மத்தியானத்தில் படுத்து எழும்புகிறேன். சில நேரம் தாவாரத்தில் அணில் வந்து வலையைச் சுரண்டும். எனக்குத் திடுக்கிடும், எழும்பிப் பார்ப்பேன், திரும்ப வந்து படுப்பேன். பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லவில்லை. அது இருக்கட்டும், ஆனால் இனி வீட்டுக்கு மேசன் வேலை செய்ய அதை விடமாட்டேன்.

உனக்கு நான் சொல்ல இருப்பது இதுதான், வேறு புத்திமதி என்னிடம் இல்லை. உன்னோடு ஒரே கூரைக்குள் இருக்கிற ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், உன் பயத்தை எடுத்து அவர் வாயை அடைக்காதே. நான் அதைச் செய்தேன், அன்பாகத்தான் செய்தேன், எல்லாரையும் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நீயும் இப்போது என்னை அப்படித்தான் காப்பாற்றப் பார்க்கிறாய். உன் வீட்டில் எனக்கு ஒரு அறை இருக்கும், சூடு குளிர் இரண்டுக்கும் மிஷின் இருக்கும், கதவைத் திறந்தால் எனக்குத் தெரிந்த ஒரு முகமும் இருக்காது. நான் அதற்குள் மல்லாந்து கிடந்து கையைத் தூக்கிக் காட்டினால், நீயும் தெரியேல்லை என்றுதான் சொல்லுவாய். எனக்கு இன்னும் பேச்சு இருக்கிறது மகன். பேச்சு இருக்கும்போதே சொல்கிறேன், வேண்டாம். திரும்ப விழுந்தால் விழுகிறேன். விழுகிறவர்கள் எல்லா ஊரிலும் விழுகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசையில்லையா என்று கேட்பாய். ஆசை இருக்கிறது. கூட்டிக்கொண்டு வா. என்னை ஏற்றிக்கொண்டு போக வருவதானால் மட்டும் வராதே.

நீ வாடகைக்கு வீட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பிய குடும்பம் நேற்று மத்தியானம் வந்தது. வங்கியில் வேலை செய்கிற தம்பியும் அவன் மனைவியும், நல்ல பிள்ளைகள். நான் மறிக்கவில்லை, உள்ளே கூட்டிக்கொண்டு போய் எல்லா அறையையும் காட்டினேன். கிணறு, குசினி, பின்வளவு எல்லாம் பார்த்தார்கள். அப்பாவின் அறைக்கு வந்ததும் அந்தப் பிள்ளை நடுவில் நின்று சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். "அன்ரி, இந்த வெயிலுக்கை எங்கடை வீட்டிலை நிக்கேலாது. இஞ்சை நல்ல சுகமா இருக்கு. எப்ப நாங்கள் வரலாம்?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி குடிக்க எப்பவும் வாங்கோ" என்றேன். "இருக்கிறதெண்டால் இடமில்லை பிள்ளை. இதிலை நான் இருக்கிறன்."

அம்மா